ஏழாம் வளைவில் ஒரு மேடு

பந்தயத் தடத்தின் ஏழாம் வளைவில் கொத்தனார் மண்டியிட்டு உட்கார்ந்து, கான்கிரீட் மேல் வலது உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தடம் கையைச் சுட்டுவிடும், அப்புறம் எது தடத்தின் மேடு, எது கையின் கொப்புளம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக இதுதான் அவர் வேலை. மூன்று மைல் தடத்தை ஒரு நாளும் அவர் காரில் சுற்றியதில்லை. முட்டியாலும் கையாலும் எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறார்.

தடம் முழுக்கத் தார்தான். வளைவுகளின் உள்பக்கம் மட்டும் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை. அந்த இடத்தில் சக்கரங்கள் தாரைப் பிய்த்துத் தின்றுவிடும் என்பதால் அப்படி. கான்கிரீட் விரிசல் விட்டால் வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் தெரியக் கூடாது, காருக்கும் தெரியக் கூடாது. கொத்தனார் போட்ட ஒட்டுகளை அவரே சில சமயம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அலுவலகத்தில் குறைப் பதிவேடு என்று ஒரு நீளமான நோட்டு இருந்தது. தடத்தில் எங்கே மேடு பள்ளம் தெரிந்தாலும், அந்த ஒட்டைப் போட்ட ஆளின் எண்ணை அதில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து ஒரு குறிகூட விழாத தினக்கூலிக்காரரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. நிரந்தரமானால் மழை நாளிலும் சம்பளம் உண்டு, குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. கொத்தனாரின் மனைவி அதே தடத்தில் பெருக்குகிறவள். இடது முட்டி தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அட்டை வரட்டும் என்று முட்டியை இழுத்துக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். கொத்தனாருக்கு இரண்டு வருஷம் பத்து மாசம் முடிந்திருந்தது, நோட்டில் அவர் எண் விழவில்லை.

அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் பைக்கில் வந்து, அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சூப்பர்வைசர் யார் வம்புக்கும் போகாத மனிதர். முதலாளியின் போன் வந்தால் மட்டும், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் எழுந்து நின்று பேசுவார். இன்று அவர் முகம், காலையிலேயே ஒருமுறை எழுந்து நின்ற முகமாக இருந்தது.

அலுவலகத்தின் குளிர்ந்த அறையில் புதிதாக ஒரு இருக்கை, ஸ்டியரிங், மூன்று பெரிய திரைகள். போன வருஷம் இந்தத் தடத்தை வைத்து வீடியோ கேம் செய்துகொள்ள ஒரு கம்பெனிக்கு முதலாளி அனுமதி கொடுத்திருந்தார், அவர்களும் ஒரு கருவியை வைத்துத் தடத்தை அளந்துகொண்டு போயிருந்தார்கள். கேம் இப்போது வெளிவந்துவிட்டது. சூப்பர்வைசர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கொத்தனார் பின்னால் நின்று பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவருடைய தடம் அப்படியே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் வளைவில் பெயிண்ட் உரிந்த ஓரக்கல், ஆறாம் வளைவுக்கு முன்னால் வாத்து மாதிரி இருக்கும் பழைய எண்ணெய்க் கறை, மனைவி தினமும் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கும் கம்பம் எல்லாம் இருந்தன. கம்பத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழாம் வளைவு வந்தது. கார் உள்பக்கம் ஒட்டித் திரும்பி, பட்டை மேல் ஏறியதும் தூக்கிப் போட்டது. இருக்கை அதிர்ந்து சூப்பர்வைசரின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

"பார்த்தீங்களா. நேத்து முதலாளிக்கும் இதேதான். ஏழுல ஒட்டுப் போட்டது யாருன்னு கேட்டார்."

"சார், அங்க மேடே கிடையாது. இப்பதான் தடவிட்டு வர்றேன்."

"மெஷின் மயிரிழை கணக்கா அளந்திருக்கு கொத்தனாரே. உங்க கைய நம்பறதா, அத நம்பறதா?"

நோட்டு திறந்தே இருந்தது. ஏழாம் வளைவு, மேடு, எண் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் பேனாவை நீட்டியபோது அவர் பார்வை தரையில் இருந்தது. கொத்தனார் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பத்தடி மட்டப்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏழாம் வளைவுக்குப் போய், சூப்பர்வைசரையும் விடாமல் இழுத்து வந்து, பலகையைப் பட்டை மேல் படுக்க வைத்தார். அதற்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்க்கச் சொன்னார். சூப்பர்வைசர் நாலு இடத்தில் முயன்றார். காகிதம் மடங்கியதே தவிர உள்ளே நுழையவில்லை. அளந்த அன்றைக்கு மேடு இருந்திருக்கும், இப்போது அமுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே பைக்கில் ஏறிவிட்டார். கான்கிரீட் என்ன இலவம்பஞ்சு மெத்தையா அமுங்குவதற்கு என்று கொத்தனார் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது.

சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் சொன்னார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கை மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. அவள் டப்பாவை மூடினாள்.

"ஏங்க, அந்த முக்காலிப் பொண்ணு வந்து அளந்துச்சே, அன்னிக்கு நீங்க ஏழுல சாக்கு போட்டிருந்தீங்கல்ல?"

கொத்தனார் வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை.

முக்காலிப் பெண் என்று தடத்தில் எல்லாரும் அழைத்தது கேம் கம்பெனியிலிருந்து வந்த பெண்ணை. அவள் மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு சுழலும் கருவியை வைத்துக்கொண்டு, முப்பது அடிக்கு ஒரு தரம் நட்டு நட்டு, ஒன்பது நாளில் தடம் முழுவதையும் அளந்தாள். அவள் ஏழாம் வளைவுக்கு வந்தபோது அங்கே ஒட்டுப் போட்டு மூன்றாவது நாள். புதுக் கான்கிரீட்டை ஈரச் சாக்குப் போர்த்தி ஒரு வாரம் காயாமல் காக்க வேண்டும். மற்றவர்கள் ஒற்றைச் சாக்கு போடுவார்கள். கொத்தனார் நடுவில் நாலு மடிப்பும், ஓரத்துக்குப் போகப் போக மூன்று, இரண்டு, ஒன்று என்றும் போடுவார். நடுவில்தான் வெயில் அதிகம் குடிக்கும் என்பது அவர் கணக்கு. கால் மணி நேரம் சாக்கை எடுத்து வைக்க முடியுமா என்று அவள் தயவாகத்தான் கேட்டாள். பிறந்த குழந்தையின் போர்வையை எடுக்கச் சொன்னது போல அவர் முறைத்தார். சரி அண்ணே, அப்புறம் ஆபீசில் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளும் சாக்கோடேயே அளந்துவிட்டுப் போனாள்.

"அப்போ மெஷின் அளந்தது என் சாக்கையா?" என்றார் கொத்தனார்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெருக்குகிறவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.

அளக்க வந்த நாட்களில் அந்தப் பெண் பெருக்குகிறவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவளுடைய எண் மனைவியின் போனில் முக்காலி என்ற பெயரிலேயே இருந்தது. கூப்பிட்டதும் எடுத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு ஒரு பெருமூச்சு, வெள்ளிக்கிழமை தானே நேரில் வருகிறேன் என்ற பதில். சொன்னபடியே வெள்ளிக்கிழமை லேப்டாப்போடு வந்து நின்றாள்.

சூப்பர்வைசரின் மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் பார்த்தார்கள். திரையில் தடம் இல்லை. கோடிக்கணக்கான புள்ளிகள், கோலமாவைக் கொட்டி ஊதிவிட்டது மாதிரி. கருவி சுழன்றபோது அதன் ஒளி எதில் எல்லாம் பட்டுத் திரும்பியதோ அதெல்லாம் ஒரு புள்ளி என்று அவள் விளக்கினாள். இலை, காக்கை, ஆள், வாளி எதையும் விடாது. புள்ளிகளை ஒட்டவைத்து, வேண்டாததை அழித்து, மிச்சத்தின் மேல் தோல் போர்த்துவது போலத் தடத்தை இழுப்பார்கள். பிறகு போட்டோவைப் பார்த்து நிறம் பூசுவார்கள். ஒவ்வொரு மேடு பள்ளமும் ஓட்டுகிறவரின் கையில் உதைப்பாகத் தெரியும்படி செய்வார்கள். அழிக்கிற வேலை வேறொரு ஊரில், வேறொரு ஆபீசில், தடத்தைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகள் செய்வது.

அவள் ஏழாம் வளைவைப் பெரிதாக்கினாள். புள்ளிகளால் ஆன ஓர் ஆள் அங்கே குந்தி உட்கார்ந்து, வாளியிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போர்வை மாதிரி ஒன்று, அதன் நாலு மூலையிலும் நாலு கல்.

"நீங்கதாங்க," என்றாள் மனைவி. "தொப்பைகூட அளவு தப்பாம வந்திருக்கு."

நடந்தது இதுதான். ஏழாம் வளைவில் சாக்கு, வெட்டிவிடவும் என்று அவள் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தாள். குறிப்பு போய்ச் சேரவில்லை. அந்த ஆபீசில் ஆளை அழித்தார்கள், வாளியை அழித்தார்கள், நாலு கல்லையும் அழித்தார்கள். சாக்கை மட்டும் தடம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். சிமென்ட் பால் ஊறிய சாக்கு போட்டோவிலும் கான்கிரீட் நிறத்திலேயே இருந்தது. அவளே அதைச் சரிபார்த்திருக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்று சொல்லி, சூப்பர்வைசருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

சூப்பர்வைசர் சிவப்பு மையால் நோட்டில் அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டு, அடித்தது நேராக இல்லை என்று அளவுகோல் வைத்து இன்னொரு முறை அடித்தார். அவருக்கும் சந்தோஷம்தான். அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ வரவழைத்தார், அது அந்த அலுவலகத்தில் அதுவரை நடந்திராத காரியம்.

அந்தக் குஷியில் முக்காலிப் பெண் கொத்தனாரை இருக்கையில் உட்கார வைத்தாள். அவர் சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு ஒட்டும் வரும்போது நிறுத்தி, இது போன மழைக்கு முன் போட்டது, இது கலவையில் மணல் கூடிப்போனது என்று விவரம் சொன்னார். பின்னால் பத்தொன்பது கார் காத்திருப்பதாக யாரோ சொன்னதற்கு, இருக்கட்டும், தடம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். அடுத்து மனைவியின் முறை. அவள் எடுத்த எடுப்பில் காலை முழுக்க அழுத்தி, இரண்டாம் வளைவில் அடுக்கி வைத்திருந்த டயர்ச் சுவரில் போய் நேராக மோதினாள். டயர்கள் நாலாபக்கமும் பறந்தன.

"போச்சு, நாளைக்கு நான்தானே இத அடுக்கணும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். கேமில் மேட்டை எடுத்துவிடுவீர்கள் அல்லவா என்று சூப்பர்வைசர் கேட்டபோதுதான் முக்காலிப் பெண் நெளிந்தாள். எடுக்க முடியாதாம். உலகமெங்கும் கேம் ஆடுகிறவர்களுக்கு அந்த ஏழாம் வளைவுத் துள்ளல் பிடித்துப்போய்விட்டது. யார் கார் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறார்களாம், லட்சக்கணக்கில் பார்க்கிறார்களாம். கம்பெனி அதில் கை வைக்காது என்றாள்.

செய்தி முதலாளிக்குப் போயிற்று. அடுத்த நாள் சூப்பர்வைசர் எழுந்து நின்று பேசிவிட்டு, கொத்தனாரைத் தேடி வந்தார். ஒன்றரை மாசத்தில் பெரிய பந்தயம். கேமில் பழகிவிட்டு வருகிற ஓட்டுநர்களும், கேமைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிற கூட்டமும் துள்ளலை எதிர்பார்த்து வருவார்கள். ஆகவே ஏழாம் வளைவில் மேடு வேண்டும். கேமில் உள்ளதைப் போலவே வேண்டும்.

மேடு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று கொத்தனாருக்கு அப்போதுதான் தெரிந்தது. பட்டையை வெட்டி, கலவை போட்டு, முக்காலிப் பெண் அனுப்பிய அளவுத்தாளைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் பூசினார். பூசி எழுந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. அவர் அறியாமலேயே கை சமன் செய்துவிட்டிருந்தது. ஈரம் காய்வதற்குள் மறுபடி கலவையை ஏற்றினார், மறுபடி கை இறங்கியது. ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி துடைப்பத்தை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"வீட்ல சமையக்கட்டுத் தரைக்குத் தண்ணி ஓட ஒரு சாய்வு போடச் சொல்லி நாலு வருஷமாக் கேக்கறேன். அதுவே வராத கைக்கு மேடு எங்கேருந்து வரும்?"

மூன்றாம் தடவை அவர் அளவுத்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நாலு சாக்கை நனைத்து, அன்றைக்குப் போட்டது போலவே பக்கத்துத் தார் மேல் விரித்தார். இடது கையால் சாக்கைத் தடவிக்கொண்டு, வலது கையில் கரண்டியைப் பிடித்துக் கலவையை இழுத்தார். இடது கை எங்கே ஏறியதோ அங்கே வலது கையும் ஏறியது. அவர் மூச்சு விட்டதே தெரியவில்லை. கையிலிருந்து ஒரு மேடு பிறந்துகொண்டிருந்தது, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத மேடு.

முக்காலிப் பெண் வந்து மறுபடி அளந்தாள். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை என்று அவள் சொன்னபோது, கொத்தனார் அதை எதிர்பார்த்தவர் போல அலட்சியமாய்த் தலையாட்டினார். அவள் திரும்பியதும் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். சோதனை ஓட்டத்துக்கு வந்த ஓட்டுநர் துள்ளி இறங்கி, காரை நிறுத்திவிட்டு நடந்து வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முழுக்க அந்தக் கையை அவர் கழுவவில்லை என்று மனைவி ஊரெல்லாம் சொன்னாள். கழுவினார், கொஞ்சம் தாமதமாக.

பந்தய நாள் வந்தபோது நோட்டில் குறி விழாமல் மூன்று வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. மனைவி ஆபரேஷனுக்கு எந்தக் கிழமை நல்லது என்று டாக்டரிடமே கேட்டு வைத்திருந்தாள்.

ஏழாம் வளைவுக்கு எதிரில் புதிதாகப் போட்ட இரும்புப் படிக்கட்டில் எள் போட்டால் விழாத கூட்டம். வேலைக்காரர்கள் டயர்ச் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். கொத்தனார் நின்றுகொண்டும், மனைவி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டும் பார்த்தார்கள். முதல் கார் வந்தது, பட்டையில் ஏறியது, நாலு சக்கரமும் தரையை விட்டன. படிக்கட்டு மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. கொத்தனாருக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியக் கூடாது என்றே வேலை செய்தவர். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அவர் வேலையைப் பார்த்துக் கைதட்டினார்கள். இரண்டாவது கார், மூன்றாவது கார், ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கியது. அவர் குழந்தை மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது சுற்றில் சூப்பர்வைசர் வந்தார். கையில் குறைப் பதிவேடு. பந்தயச் சங்கத்திலிருந்து வந்த பரிசோதகர் காலையில் தடம் முழுக்கப் பலகை வைத்துப் பார்த்திருந்தார். விதிப்படி அவர் கண்டது நோட்டில் ஏறியிருந்தது. ஏழாம் வளைவு, மேடு. அதற்கு எதிரில் செய்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"முதலாளி சொல்லித்தான் போட்டதுன்னு எழுதிடலாம்னு பார்த்தேன்," என்றார் சூப்பர்வைசர். அவர் குரல் கூட்டத்தின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "அதுக்கு இதுல கட்டம் இல்ல. முதலாளிகிட்டயும் கேட்டேன். கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னுட்டார்."

கொத்தனார் பாதியைத்தான் கேட்டிருந்தார். செய்தவர் என்ற சொல்லைப் பார்த்தார். இன்னொரு கார் துள்ளியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, முப்பத்தொன்று என்று எழுதி, அதன் கீழே நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அழகு பார்த்தார். பிறகுதான் எந்த நோட்டு என்பது அவருக்கு உறைத்தது.

"அப்போ அந்த மூணு வருஷம், இன்னியிலேருந்தா சார்?"

சூப்பர்வைசர் மை காய்வதற்காக நோட்டின் மேல் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த கூட்டமாகக் கார்கள் வளைவுக்குள் நுழையும் இரைச்சல் கேட்டது. வாளியில் இருந்த மனைவிக்கு இந்தப் பேச்சு எதுவும் எட்டியிருக்கவில்லை. அவள் கொத்தனாரின் தோளைப் பிடித்து, இடது காலை ஊன்றாமல் வலது காலில் பாரத்தைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "தள்ளிக்கங்க, மறைக்காதீங்க," என்றாள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் எழும்ப, கூட்டத்தோடு சேர்ந்து அவளும் கைதட்டினாள்.